களவெற்றியும் போர்வெற்றியும்: தக்கோலப் போரை முன்னிட்டு ஓர் ஆய்வு

தமிழக வரலாற்றைப் பயிலப் புகும் மாணவர்க்கு முதற்கண் துணையாக வந்து நிற்பன மெய்க்கீர்த்திகளே. ஓரரசன் தான் வென்ற களங்களையும் கொண்ட ஊர்களையும் புறங்கண்ட பகைவரையும் வரிசைப்படக் கூறிக் கல்லிற் பொறித்துவைத்த அவன் பக்கத்துச் சான்று மெய்க்கீர்த்தியாகும். அதனைப் படித்த மாணவன், இத்துணைக் களங்களில் வென்றவனுடைய நாடும் அத்துணை விரிந்திருத்தல் வேண்டும் என்றும், தோற்றவன் அன்றோடு ஒழிந்தான் என்றும் எளிதிற் கருதிவிடுகின்றான். தக்கோலப் போரில் வென்றவர் யாவர் என்று தேர்வுத்தாளில் வினவின், இராட்டிரகூடர் என்று விடை வரும். விடை சரியே. அவ்வெற்றியால் அவர்கள் பெற்றது யாது, பெற்றதனை எத்துணையாண்டு வைத்திருந்தனர் என்று வகுப்பில் வினவினால், ஒருவரும் வாய் திறவார். இவ்விரு வினாக்களுக்கும் இடையேயுள்ள தொலைவே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

இத்தொலைவு மாணவர்க்குத் தோன்றாமைக்கு நம் மொழி வழக்கும் ஒருவாறு காரணம் எனலாம். ஒரு பகற்பொழுதில் ஒரு வெளியில் நிகழ்ந்து முடிவதனையும் போர் என்கின்றோம். இரண்டு தலைமுறை நீடிக்கும் அரசர் பகையினையும் போர் என்றே வழங்குகின்றோம். அமர், சமர், செரு, ஞாட்பு, பூசல் எனச் சொற்கள் பல இருப்பினும் அவை பெரும்பாலும் களத்தையே சுட்டுவன. வெண்ணிப் பறந்தலை, வாகைப் பறந்தலை என்றாற் போலக் களம் நிகழ்ந்த வெளிக்கும் பெயர் உண்டு. ஆயின் களங்கள் பலவற்றைத் தன்னுள் அடக்கி நிற்கும் நெடும்பகைக்கெனத் தனிச்சொல் மாணவர் நாவில் இல்லை. ஆதலின் இக்கட்டுரையில் ஒரு களத்திற் பெறும் வெற்றியைக் களவெற்றி என்றும், பகை தொடங்கியதற்குரிய நோக்கம் கைகூடுதலைப் போர்வெற்றி என்றும் வழங்குவாம்.

இவ்வேறுபாடு பிற நாட்டாரிடம் கடன் கொண்டு நாம் கூற வேண்டியதொன்றன்று. தொல்காப்பியப் புறத்திணையியல், மண்ணாசை காரணமாக ஒரு வேந்தன் மேற்செல்லுதலை வஞ்சி என வேறு வைக்கின்றது. அரணை முற்றுதலையும் கோடலையும் உழிஞை என வேறு வைக்கின்றது. தன் வலிமை புலப்படுதலையே பொருளாகக் கொண்டு வந்தவனை எதிர்சென்று பொருதலைத் தும்பை என வேறு வைக்கின்றது. இவற்றின் பின்னர் வருகின்ற வாகையோ படைவெற்றியோடு நில்லாது, அந்தணர், அரசர், ஏனோர், அறிவர் எனப் பலரும் தத்தம் தொழிலில் மேம்படுதலையும் தழுவிக்கொள்கின்றது. நிலம் வேண்டிச் செல்லுதலும் களத்தில் மறம் காட்டுதலும் ஒன்றல்ல என்பது இப்பகுப்பினாற் போதரும். தொல்காப்பியனார் போர்நூல் வகுத்தார் என்று கூற யாம் முற்படவில்லை. அத்தகைய மிகையுரைகள் நம் துறைக்கு நன்மை செய்யா. மாணவர் முன்னரே அறிந்த பாடத்திலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்ல இது நல்ல வாயில் என்பதே எம் கருத்து.

இனி, தக்கோலத்தை நோக்குவாம். இவ்வூர் இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணத்திற்கு அணித்தாக உள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய திருவூறல் என்னும் பதி இதுவே. இங்கே கி. பி. 949 இல் சோழர் படைக்கும் இராட்டிரகூடர் படைக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. சோழர் பக்கத்தில் தலைமை பூண்டவன் முதற் பராந்தகனின் மூத்த மைந்தன் இராசாதித்தன். எதிர்ப்பக்கத்தில் நின்றவன் மூன்றாம் கிருட்டிணன். தமிழ்க் கல்வெட்டுக்கள் அவனைக் கன்னரதேவன் என்னும். அவனுக்கு உறுதுணையாக நின்றவன் மேலைக் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன்.

இப்போர் வந்த வழியை ஆராயாது போரை மட்டும் கற்பித்தல் பயனற்றது. கி. பி. 907 இல் அரியணை ஏறிய பராந்தகன் களவெற்றியிற் குறைந்தவனல்லன். பாண்டியன் இராசசிம்மனை வென்று மதுரையைக் கொண்டான். பாண்டியனும் அவனுக்குத் துணைவந்த ஈழப்படையும் சேர்ந்து நின்ற வெள்ளூர்ப் போரிலும் வாகை சூடினான். இரண்டாம் கிருட்டிணன் காலத்தில் இராட்டிரகூடர் படையெடுத்தபோது, திருவல்லத்தில் நிகழ்ந்தது எனக் கருதப்பெறும் போரில் அவர்களைப் புறங்கண்டான். வாணர்களை நாடிழக்கச் செய்தான், வைதும்பர்களை அடக்கினான். 'மதிரையும் ஈழமும் கொண்ட' என்னும் அடைமொழி அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஆயினும் மதுரை கொண்டவன் பாண்டியர் முடியைக் கொள்ளவில்லை. தோற்ற இராசசிம்மன் தன் முடியையும் அரச சின்னங்களையும் ஈழத்தில் அடைக்கலமாக வைத்துவிட்டுச் சேரநாடு சென்றான். மதுரையில் முறைப்படி முடிசூடிக்கொள்ள விரும்பிய பராந்தகன் அவற்றைத் தருமாறு ஈழத்தரசனைக் கேட்டும், பின்னர்ப் படை விடுத்தும் பெற்றானல்லன். ஈழத்தார் அவற்றை எடுத்துக்கொண்டு உரோகண நாட்டினுள் ஒளித்தனர் என இலங்கை வரலாற்று நூல் கூறுகின்றது. அம்முடி சோழர் கையில் வந்தது முதல் இராசேந்திரன் காலத்திலேதான். இடையிற் கழிந்தவை ஏறத்தாழ நூறாண்டுகள். களம் ஒரு பகலில் முடிய, அக்களத்தின் பொருள் கைவர ஒரு நூற்றாண்டு சென்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வாணரும் வைதும்பரும் நாடிழந்து எங்கே சென்றனர் என்பதும் நோக்கத்தக்கது. அவர்கள் கன்னரதேவனைச் சார்ந்தனர். மற்றொருபால், இராட்டிரகூட அரியணையினின்று இறக்கப்பட்ட நான்காம் கோவிந்தன் பராந்தகனுக்கு மருகனாதலின் சோழநாட்டில் அடைக்கலம் புகுந்தான் எனக் கருதுவர். கங்கநாட்டிலோ பூதுகன் கன்னரதேவனின் துணையால் அரசு பெற்றவன். அவன் தமக்கை இரேவகநிம்மடியை மணந்தவன். ஆக, பராந்தகன் பெற்ற ஒவ்வொரு களவெற்றியும் அவனுக்கு வடக்கே ஒரு பகையை வளர்த்துவந்தது. நாடிழந்த சிற்றரசர்க்கு அவன் வேறு வழி வைத்தானல்லன். இதனை அவன் பிழை என்று கூறுவதா, அக்காலத்து அரசியலின் இயல்பு என்று கூறுவதா என்பதில் எம்மிடையேயும் ஒருமைப்பாடு இல்லை. யாம் பிழை என்றே கருதுகின்றோம்.

வடக்கேயிருந்து படை வரும் என்பதனைப் பராந்தகன் அறியாதிருந்தானல்லன். இராசாதித்தனைப் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்திவைத்தான். திருநாவலூர் இராசாதித்தபுரம் எனப் பெயர் பெற்றதும், அங்குள்ள திருத்தொண்டீச்சுரம் கற்றளியானதும் அக்காலத்தனவே. அவன் படையில் சேரநாட்டு வீரர் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவனாகிய படைத்தலைவன் வெள்ளங்குமரன் பெண்ணையாற்றங்கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் கி. பி. 943 இல் சிவபெருமானுக்குக் கற்றளி எடுத்தான். வீரநாராயணன் ஏரியை இப்படையினரே வெட்டினர் என்னும் செவிவழிச் செய்தியும் உண்டு. அது செய்தி என்ற அளவிலேயே கொள்ளற்பாலது.

போர் நிகழ்ந்த முறையைக் கூறும் சான்றுகள் இரண்டு. அவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மைசூர் நாட்டு மண்டியப் பகுதியிலுள்ள ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு, சகம் 872 இல் பொறிக்கப்பெற்றது. பூதுகன் அம்பாரியையே போர்க்களமாகக் கொண்டு இராசாதித்தனைக் குத்திக் கொன்றான் என்கின்றது. சோழரின் ஆனைமங்கலச் செப்பேடோ, யானைமேலிருந்து கிருட்டிணனின் படையைக் கலக்கிய இராசாதித்தன் கூரிய அம்புகள் மார்பிற் பாய வீரசுவர்க்கம் புக்கான் என்கின்றது. யானைமேல் இறந்தான் என்னும் அளவில் இரண்டும் ஒத்துள்ளன. சோழர் கல்வெட்டுக்களும் அவனை ஆனைமேற்றுஞ்சின தேவர் என்றே குறிக்கும். கொன்ற படைக்கலம் யாது, கொன்றவன் அருகே வந்தானா தொலைவில் நின்றானா என்பனவற்றில் வேறுபாடு உண்டு. கொன்றவனுடைய கல் கொன்றவன் வீரத்தைப் பாடுகின்றது. இறந்தவனுடைய வழியினர் செப்பேடு இறந்தவன் வீரத்தைப் பாடுகின்றது. சோழர் செப்பேட்டில் தோல்வி என்னும் சொல்லே இல்லை என்பதனையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும்.

ஆதகூர்க் கல்லைப் பற்றி வேறொரு செய்தி. பொருளினின்று சிறிது விலகியதாயினும் கூறாது விடற்கு மனம் வரவில்லை. அக்கல் உண்மையில் ஒரு நாயின் நினைவுக்கல். தக்கோலத்தில் வீரங்காட்டிய மணலேரன் என்பான் பூதுகனிடம் பரிசிலாக வேண்டியது காளி என்னும் வேட்டை நாயை. அந்நாய் பின்னர் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாக மாய்ந்தது. அதற்கெடுத்த கல்லிலேதான் தென்னாட்டின் பெரும்போர்களுள் ஒன்றன் செய்தி நமக்குக் கிடைத்திருக்கின்றது. வரலாற்றுச் சான்று எவ்வுருவில் வந்து வாய்க்கும் என்று முன்னரே உரைத்தல் அரிது.

தலைவன் வீழ்ந்தமையால் சோழர் படை நிலைகலங்கியது. தொண்டைநாடும் நடுநாட்டின் பெரும்பகுதியும் கன்னரதேவன் ஆட்சியிற் புகுந்தன. பாண்டியர் மீண்டும் தலையெடுத்தனர். வீரபாண்டியன் 'சோழன் தலைகொண்ட' எனத் தன்னைக் கூறிக்கொண்டான். நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆண்டு, மூன்று திசையும் படைசெலுத்திய பராந்தகன், தன் முதுமையில் மைந்தனையும் கட்டிய நாட்டிற் பாதியையும் இழந்து கி. பி. 955 அளவில் மறைந்தான். இத்தோல்வியைச் சிறிது என்று கூறுவார் வரலாறு அறியார். 'இறுதியில் சோழரே வென்றனர். ஆதலின் தக்கோலம் ஒரு பொருட்டன்று' என்று எழுதும் மாணவனும், 'தக்கோலத்தோடு சோழர் வீழ்ந்தனர்' என்று எழுதும் மாணவனும் ஒரே பிழையின் இரு பக்கங்களில் நிற்கின்றனர்.

இனி, கன்னரதேவன் பெற்றது யாது என்று ஆராய்வாம். அவன் கல்வெட்டுக்கள் அவனைக் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்னும் அடைமொழியோடு குறிக்கின்றன. இவ்வடைமொழி ஐந்தாம் ஆட்சியாண்டினதாகப் படிக்கப்பெறும் சித்தலிங்கமடத்துக் கல்வெட்டிலேயே காணப்படுகின்றது; அஃதாவது தக்கோலப் போருக்குச் சில ஆண்டுகள் முன்னரே. அவன் கல்வெட்டுக்கள் தொண்டைநாட்டிலும் நடுநாட்டிலும் பலவாகக் கிடைத்துள்ளன. காவிரி பாயும் சோழவளநாட்டிலோ அவை இல்லை. அங்கே கோயிற் கொடைகள் சோழ மன்னர் ஆட்சியாண்டுகளிலேயே தொடர்ந்து பொறிக்கப்பட்டன. தஞ்சையைக் கொண்டான் என்பது ஒருமுறை புகுந்து மீண்டமையைக் குறிக்கலாம். வைத்திருந்தான் என்பதனைக் குறியாது. கொள்ளுதலும் வைத்திருத்தலும் வேறு என்பதனை, அடைமொழியையும் கல்வெட்டுக் கிடைத்த இடங்களையும் அருகருகே வைத்தாலன்றி மாணவன் உணரான்.

கி. பி. 959 இல் வெளியிடப்பெற்ற கர்காடு செப்பேடு இதனினும் பயனுடையது. அதனைக் கன்னரதேவன் வெளியிட்டபோது தொண்டைநாட்டு மேற்பாடியில் பாசறை அமைத்துத் தங்கியிருந்தான். தென்னாட்டுப் பகுதிகளைத் தன் அடியார்க்கு வாழ்வூதியமாகப் பங்கிட்டுக் கொடுப்பதற்கும், சிற்றரசர் திறைகளைக் கொள்வதற்கும், கோயில்கள் எடுப்பதற்கும் அங்கிருந்தான் என அச்செப்பேடே கூறுகின்றது. அதே ஆண்டில் நிறைவுற்ற சோமதேவ சூரியின் யசசுதிலகமும் அரசன் மேற்பாடியில் இருந்தமையைக் குறிக்கின்றது. தக்கோலத்திற்குப் பத்தாண்டு கழிந்த பின்னரும் வென்ற வேந்தன் வென்ற நாட்டிற் பாசறையிலிருந்தே ஆணை பிறப்பிக்கின்றான். இராமேச்சுரம் வரை சென்று வெற்றித்தூண் நாட்டினான் என்பர். தூண் நாட்டியவன் இடையிலிருந்த நாட்டை ஆள ஏற்பாடு செய்தானா என்பதே நம் வினா.

உத்தரமேரூரை இங்கே நினைவுகூர்தல் தகும். பராந்தகனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி. பி. 919 இலும் 921 இலும், குடவோலை முறைக்கு விதிகள் வகுத்த சபை அவ்வூரது. தொண்டைநாடு கன்னரதேவனிடம் சென்றபோது அச்சபை கலைந்ததா? இல்லை. கல்வெட்டின் முகப்பில் அரசன் பெயர் மாறியது. ஏரியும் கோயிலும் நிலமும் பற்றிய செயல்களைச் சபை முன்போலவே நடத்தியது. பின்னர்ச் சோழர் மீண்டு வந்தபோது முகப்பில் மீண்டும் சோழன் பெயர் வந்தது. சபை அப்பொழுதும் இருந்தது. இராட்டிரகூடர் ஆட்சி நாட்டின் வேரில் இறங்காது முகப்பிலேயே நின்றமைக்கு இஃது ஒரு சான்று.

மேலும், கன்னரதேவன் தன் வெற்றிக்குக் கொடுத்த விலையையும் கணக்கிடல் வேண்டும். தக்கோலத்தில் உதவிய பூதுகனுக்கு அவன் பரிசிலாக அளித்தவை என ஆதகூர்க் கல் கூறுவன பனவாசி 12000, பெள்வொலம் 300, புரிகெரெ 300, கிசுகாடு 70, பாகெநாடு 70 ஆகியவை. இவை தொண்டைநாட்டில் உள்ளன அல்ல. கன்னட நாட்டின் நடுப்பகுதியில் உள்ளவை. தென்கோடியில் ஒரு நாட்டைப் பிடிப்பதற்குத் தன் வீட்டு முற்றத்தையே பங்கிட்டுக் கொடுத்தான் போலும். இவ்வாறே தர்தவாடி 1000 என்னும் நாட்டைப் படைமானியமாகப் பெற்றிருந்த சிற்றரசன் ஒருவன் இருந்தான்; அவன் பெயர் தைலபன்.

வடக்கேயும் இதுவே நிலை. மாளவத்துப் பரமார மன்னன் சீயகன், தக்கோலப் போர் நிகழ்ந்த அதே கி. பி. 949 இல் வெளியிட்ட அர்சோலாச் செப்பேட்டில் இராட்டிரகூடரின் மேலாண்மையை ஒப்புக்கொண்டு நிற்கின்றான். கன்னரதேவன் கி. பி. 967 இல் இறந்தான். ஐந்தாண்டு செல்வதற்குள், கி. பி. 972 இல், அதே சீயகன் இராட்டிரகூடர் தலைநகராகிய மானியகேடத்தைக் கொள்ளையிட்டான். தனபாலர் தம் பிராகிருத அகராதியை முடித்த காலத்தைக் கூறுங்கால் இக்கொள்ளையைக் குறித்துள்ளார். மறு ஆண்டு, தர்தவாடித் தைலபன் தன் தலைவனை வீழ்த்தித் தானே அரசனாகி, மேலைச் சாளுக்கியர் மரபை நிலைநாட்டினான். தக்கோலத்தில் வென்ற பேரரசு, அப்போர் நடந்த இருபத்துநான்காம் ஆண்டில் உலகில் இல்லை. பூதுகன் மகன் மாரசிம்மன் இராட்டிரகூடர் குடியை மீண்டும் நிறுத்த முயன்று இயலாது, சமண முறைப்படி உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தான். கங்கரின் தலைக்காடும் கி. பி. 1004 அளவில் சோழர் வசமாயிற்று.

தோற்ற சோழர் இவ்விருபத்துநான்கு ஆண்டுகளில் என் செய்தனர்? மெய்க்கீர்த்தியைத் தேடினால் விடை கிட்டாது. கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தரசோழன் என அரசர் மாறினர். முதலிருவர் ஆட்சியும் குறுகியன. சுந்தரசோழன் சேவூரில் வீரபாண்டியனை வென்றான். அவன் மைந்தன் ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' எனப் பெயர்பெற்றான். தொண்டைநாட்டை மீட்ட பெருங்களம் என ஒன்றனைக் கல்வெட்டுக்கள் போற்றவில்லை. ஆயினும் சுந்தரசோழன் இறந்தது காஞ்சிப் பொன்மாளிகையில். பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்னும் பெயரே அதற்குச் சான்று. கன்னரதேவன் கொண்ட கச்சி, ஆரவாரமின்றி மீண்டும் சோழன் இல்லமாகியிருந்தது. சோழவளநாட்டின் நெல்லும் நீரும் ஊர்ச்சபையும் பகைவர் கையிற் படாதிருந்தமையே இம்மீட்சிக்கு அடிப்படை எனக் கருதுகின்றோம். கண்டராதித்தன் தேவியாகிய செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்களைக் கற்றளியாக்கி வந்ததும், நிவந்தங்களை ஒழுங்கு செய்ததும் இத்தாழ்ந்த காலத்தில் தொடங்கிய பணிகளேயாம். அரசின் உறுப்பு ஆறு எனக் கூறும் திருவள்ளுவர் படையை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். தக்கோலத்தில் சோழர் இழந்தது அவ்வொன்றன் பெரும்பகுதியை. குடியும் பொருளும் அமைச்சும் எஞ்சி நின்றன. கி. பி. 985 இல் முதல் இராசராசன் அரியணை ஏறியபோது அவன் கையிற் கிடைத்தது இவ்வெஞ்சிய நாடே.

இதனைக் கேட்கும் தமிழ் மாணவன் தன் நாட்டார் பக்கம் நின்று மகிழ்தல் இயல்பு. அம்மகிழ்ச்சி பாடத்தை மறைத்துவிடாதிருக்க, அடுத்த நூற்றாண்டில் சோழரே இடமாறி நிற்றலைக் காட்டுதல் எம் வழக்கம். கி. பி. 1054 இல் கொப்பத்துப் போரில் முதல் இராசாதிராசன் யானைமேலிருந்தவாறே உயிர்நீத்தான். தக்கோலம் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். ஆனால் அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் சிதறும் படையை நிறுத்திப் பொருது வென்று, களத்திலேயே முடிசூடினான். களம் என்ற அளவில் இதனினும் வியத்தகு வெற்றி சோழர் வரலாற்றில் இல்லை. அதற்குமுன் இராசாதிராசன் கலியாணபுரத்தை எறிந்து கொணர்ந்த வாயிற்காவலர் சிலை, அச்செய்தி பொறித்த எழுத்தோடு தாராசுரத்திற் கிடைத்தது. சிலை சோழநாட்டிற்கு வந்தது. கலியாணபுரம் சாளுக்கியரிடமே இருந்தது. வீரராசேந்திரனோ ஆகவமல்லனை ஐந்து முறை புறங்கண்டதாகத் தன் மெய்க்கீர்த்தியிற் கூறுகின்றான். இதனை வகுப்பிற் படிக்குங்கால், நான்கு முறை தோற்றவன் ஐந்தாம் முறை எங்ஙனம் படையோடு வந்தான் என யாரேனும் ஒருவர் கேட்பது உண்டு. அவ்வினா எழுந்த நாளில் பாடம் முடிந்தது எனவே கொள்வோம். கூடல் சங்கமத்தில் வாகை சூடியும், துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நாட்டியும், எல்லை அவ்வாற்றங்கரையிலேயே நின்றது. கி. பி. 1068 இல் ஆகவமல்லன் நோயுற்றுத் துங்கபத்திரையில் தானே மூழ்கி இறந்தான்; பின்னர் வீரராசேந்திரன் தன் மகளை அவன் மைந்தன் ஆறாம் விக்கிரமாதித்தனுக்கு மணம் செய்துகொடுத்தான். ஐந்து களத்தால் ஆகாத அமைதி ஒரு மணத்தால் சிலகாலம் வந்தது.

கற்பிக்கும் முறை பற்றிச் சில கூறுவாம். போர்களின் பெயரையும் ஆண்டையும் பட்டியலாக எழுதுவித்தலை யாம் குறைத்துக்கொண்டோம். அதற்கு மாறாகத் தொண்டைநாடு, நடுநாடு, சோழநாடு ஆகியவற்றின் ஊர்ப்பெயர் மட்டும் குறித்த வரைபடம் ஒன்றனைத் தந்து, கி. பி. 940 முதல் 990 வரையுள்ள கல்வெட்டுக்களை ஆண்டறிக்கைகளிலிருந்து எடுத்து, எவ்வூரில் எவ்வாண்டில் எவ்வரசன் பெயரால் கொடை பொறிக்கப்பட்டது என்று இருநிற மையாற் குறிக்கச் செய்கின்றோம். கன்னரதேவனுக்குச் செம்மை, சோழர்க்குக் கருமை. இவ்வேலை சலிப்பு மிக்கது. ஆட்சியாண்டைக் கிறித்துவ ஆண்டாக்குவதில் பிழைகள் பல நேரும். இராசகேசரி, பரகேசரி என்று மட்டும் உள்ள கல்வெட்டுக்கள் மாணவரை மிகவும் அலைக்கும். ஆயினும் முடிவில் வரைபடம் தானே பேசுகின்றது. செம்மை பெண்ணையாற்றுப் பகுதியோடு பெரிதும் நின்றுவிடுவதும், அறுபதுகளின் இறுதியிலிருந்து அது நீங்கிக் கருமை வடக்கே ஏறுவதும் கண்முன் தோன்றும். கொடை பொறிப்பிக்கும் ஊரார் எவன் ஆட்சி நிலைக்கும் என்று நம்பினரோ அவன் பெயரையே எழுதுவர். படைத்தலைவனைக் காட்டிலும் அவர்கள் நல்ல சான்று.

இவ்வரைபடத்தில் ஒரு செம்புள்ளி திருவொற்றியூரில் விழுகின்றது. கன்னரதேவனின் இருபதாம் ஆட்சியாண்டிற்குரிய அக்கல்வெட்டு, சதுரானன பண்டிதர் என்னும் துறவி பொன் வைத்துச் செய்த அறத்தைக் கூறுவது. அவர் சேரநாட்டிற் பிறந்து இராசாதித்தனிடம் படைத்தலைமை பூண்டவர். தன் தலைவனோடு களத்தில் இறக்கும் பேறு வாய்க்காமையால் உலகை வெறுத்துக் கங்கையில் நீராடித் துறவு பூண்டார் என்று அக்கல்வெட்டே கூறும். கிராமத்தில் கற்றளி எடுத்த வெள்ளங்குமரனே இவர் என்பது அறிஞர் கருத்து. இராசாதித்தனுக்காக வாழ்வைத் துறந்தவர் தம் அறத்தை, இராசாதித்தனைக் கொன்றவர்களின் அரசனுடைய ஆட்சியாண்டிட்டே பொறிக்க வேண்டியிருந்தது. போரில் தோல்வி என்பது ஒரு மனிதன்மேல் எங்ஙனம் வந்து படிகின்றது என்பதனைக் காட்ட இதனினும் பொருத்தமான ஓர் ஆவணத்தை யாம் அறியோம். மாணவர் பலரும் தக்கோலத்தை மறப்பினும் இத்துறவியை மறப்பதில்லை.

மற்றொரு புள்ளி மேற்பாடி. கி. பி. 959 இல் கன்னரதேவன் பாசறையிலிருந்து தென்னாட்டைப் பங்கிட்டுக் கொடுத்த அதே ஊர், இராசராசன் காலத்தில் இராசாச்சிரயபுரம் எனப் பெயர் பெற்றிருந்தது. ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக இராசராசன் அங்கு அரிஞ்சிகை ஈச்சுரம் எடுத்தான். அதனைக் கூறும் கல்வெட்டு அவனது 29 ஆம் ஆட்சியாண்டினது, அஃதாவது கி. பி. 1014. கர்காடு செப்பேட்டின் பகுதியையும் மேற்பாடிக் கல்வெட்டையும் ஒருசேர மாணவர் கையிற் கொடுத்து, இடையிலுள்ள ஐம்பத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைக் களங்களின் பெயரைக் குறைந்த அளவே வழங்கி எழுதுக எனப் பணிக்கின்றோம். இவ்வாண்டு அவ்வாறு எழுதி வந்தவற்றுள் நான்கைந்து அச்சிடத் தக்கவையாக உள்ளன.